நுழைஞ்சா மட்டும் போதாது: குட்டி டெஸ்க்டாப்புக்கு எஸ்எம்பிஎஸ் மாத்தின கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

ரெண்டு வாரமா எபிசோடு ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆபீஸ்ல ரிலீஸ், ஊர்ல கல்யாணம்னு ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். உண்மை அது இல்லை. எடிட் பண்ற கம்ப்யூட்டரை என் கையாலயே கெடுத்துட்டேன். அதுவும், நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணைத் தேடிப் படிச்சு, ஒப்பிட்டுப் பார்த்து வாங்கிட்டு வந்து மாட்டின அன்னைக்கு.

நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். பார்க்கிற வேலை சாஃப்ட்வேர். அதனால இதைச் சொல்றதுல கொஞ்சம் வெட்கமும் இருக்கு. ஆனா சின்ன கேபினட்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. என்னைக்காவது நீங்களும் எஸ்எம்பிஎஸ் மாத்த வேண்டி வரும். அப்ப நான் பண்ணினதை நீங்க பண்ணக் கூடாது. அதுக்குத்தான் இந்த எபிசோடு.

போனது எஸ்எம்பிஎஸ்தானா?

என் ரூம் வேளச்சேரியில. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேஜை. மேஜையில மைக்கும் மானிட்டரும் போக மிச்சம் இருக்கிற இடத்துல, ரெண்டு ஷூ டப்பாவை அடுக்கின மாதிரி ஒரு கேபினட். உள்ளே ஐ5 12400 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் மட்டும் ஒரு நண்பர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினது. 450 வாட். பில் இல்லை, வாரண்டி இல்லை. "ஓடுதுல்ல, போதும்"னு விட்டுட்டேன்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் ரெண்டு மூணு தடவை போய்ப் போய் வந்துச்சு. அதுக்கப்புறம் பட்டனை அழுத்தினா ஃபேன் அரைச் சுத்து சுத்தி நின்னுடும். அவ்வளவுதான்.

இந்த இடத்துல அவசரப்பட்டுக் கடைக்கு ஓடாதீங்க. இதே அறிகுறி மதர்போர்டு போனாலும் வரும், ஒரு ஒயர் ஷார்ட் ஆனாலும் வரும். முதல்ல வேற பிளக் பாயின்ட்ல போட்டுப் பாருங்க. அப்புறம் எல்லா ஒயரையும் கழட்டி எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியா எடுங்க. மதர்போர்டுக்குப் போற 24 பின் கனெக்டர்ல ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். எல்லா ஒயரும் கறுப்பா இருந்தா அது 16ஆவது பின். அதையும் பக்கத்துல இருக்கிற 17ஆவது பின்னையும், அதாவது கிரவுண்டையும், ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சுட்டு அப்புறமா ஸ்விட்சைப் போட்டா எஸ்எம்பிஎஸ் தனியா ஆன் ஆகணும். மல்டிமீட்டர் இருந்தா 12 வோல்ட் லைன்ல 11.4-லேர்ந்து 12.6 வரைக்கும், 5 வோல்ட் லைன்ல 4.75-லேர்ந்து 5.25 வரைக்கும் காட்டணும். சில நல்ல மாடல்கள்ல லோடு இல்லாதப்ப ஃபேன் சுத்தவே சுத்தாது. அதனால ஃபேனை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லிடாதீங்க.

என்னுது தனியா இருக்கும்போதும் 12 வோல்ட் வந்த வேகத்துல போயிடுச்சு. தீர்ப்பு தெளிவா வந்துடுச்சு.

ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீங்க. நம்ம வீட்டு 230 வோல்ட் ஏசி உள்ளே போய் டிசியா மாறும்போது 325 வோல்ட் வரைக்கும் போகும். இப்ப வர்ற நிறைய மாடல்கள்ல அது 400-ஐ ஒட்டி இருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்த சார்ஜ் பெரிய கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். நானூறு ரூபாய் பார்ட்டை மாத்தி மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம்னு தோணும். வேண்டாம்.

சைஸ் தெரியாம கடைக்குப் போகாதீங்க

அடுத்த நாள் ரிச்சி ஸ்ட்ரீட். முதல் கடையில "எஸ்எம்பிஎஸ் வேணும்"னு சொன்னதும் ஒண்ணை எடுத்து மேஜையில வெச்சாங்க. வழக்கமான பெரிய சைஸ். "அண்ணா, இது என் கேபினட்ல போகாது"ன்னேன். "அதனால என்ன தம்பி, மூடியைக் கழட்டிட்டு வெளியில வெச்சுக்கோங்க. காத்தும் நல்லா வரும்"னாரு. அவர் சீரியஸாத்தான் சொன்னாரு.

அதனால நாலு பேரை மனசுல வெச்சுக்கோங்க. ஏடிஎக்ஸ்ங்கிறது பெரிய கேபினட்ல இருக்கிறது: 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், ஆழம் 140-லேர்ந்து ஆரம்பிக்கும். எஸ்எஃப்எக்ஸ்ங்கிறது 125 அகலம், 63.5 உயரம், 100 ஆழம். நம்ம மாதிரி குட்டி கேபினட் கட்டுறவங்க அதிகம் தேடுறது இதைத்தான். டிஎஃப்எக்ஸ் 85 அகலம், 65 உயரம், 175 நீளம். ஒல்லியா நீளமா இருக்கும், ஆபீஸ்ல வர்ற சன்னமான டெஸ்க்டாப்கள்ல பார்க்கலாம். ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் இன்னும் சின்னது: 81.5 அகலம், 40.5 உயரம், 150 நீளம்.

இதுல ஒரு பொறி இருக்கு. எஸ்எஃப்எக்ஸ்-எல்னு ஒண்ணு விக்கிறாங்க. அகலம், உயரம், திருகு ஓட்டை எல்லாம் எஸ்எஃப்எக்ஸ் மாதிரியேதான். ஆழம் மட்டும் 130. அந்த 30 மில்லிமீட்டர்லதான் குட்டி கேபினட்ல உங்க கேபிள் வளையணும், கிராபிக்ஸ் கார்டு வாலை நீட்டணும். ஆனா அதுல 120 மில்லிமீட்டர் ஃபேன் வரும், சத்தம் குறையும். இடம் இருந்தா அது நல்ல தேர்வு. இடம் இருக்கான்னு ஸ்கேல் வெச்சு அளந்துட்டுப் போங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே கையில எடுத்துட்டுப் போனா இன்னும் நல்லது.

லேபிள்ல எதைப் படிக்கணும்?

ரெண்டாவது கடையில சின்ன சைஸ்லயே ஒண்ணு காட்டினாங்க. பெரிய எழுத்துல 450 வாட். விலை, நான் நினைச்சதுல நாலுல ஒரு பங்கு. திருப்பி லேபிளைப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு நேரா 15 ஆம்பியர்னு போட்டிருந்துச்சு.

கணக்கு ரொம்ப எளிது. 12-ஐ 15-ஆல பெருக்குங்க. 180 வாட். இன்னைக்கு இருக்கிற கம்ப்யூட்டர்ல ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லா மின்சாரத்தையும் 12 வோல்ட் லைன்லேர்ந்துதான் எடுக்குது. அதனால டப்பா மேல எந்த நம்பர் இருந்தாலும், எனக்கு அது 180 வாட் எஸ்எம்பிஎஸ்தான். நல்ல 450 வாட் மாடல்ல அந்த இடத்துல 36, 37 ஆம்பியர் இருக்கும்.

என் தேவை எவ்வளவுன்னு பார்ப்போம். ஐ5 12400-ஐ 65 வாட் ப்ராசஸர்னு சொல்வாங்க. முழு வேகத்துல ஓடும்போது இன்டெல் கொடுக்கிற உச்ச அளவு 117 வாட். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். போர்டு, ரேம், டிரைவ், ஃபேன் எல்லாத்துக்கும் தாராளமா 50 போட்டா, கூட்டினா 337. கிராபிக்ஸ் கார்டு கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவா, சொன்ன அளவைத் தாண்டி எகிறும். 2022-ல வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இந்தத் திடீர் எகிறலையும் தாங்கணும்னு சொல்லுது. இதெல்லாம் சேர்த்து 550, 600 எடுத்தா நிம்மதி. 850 எடுத்தா தப்பில்லை, தேவையும் இல்லை.

அடுத்து அந்த 80 பிளஸ் முத்திரை. பிரான்ஸ், கோல்டுன்னு வரும். சுவத்துலேர்ந்து எடுக்கிற கரண்ட்ல எவ்வளவு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருது, எவ்வளவு சூடா வீணாகுதுங்கிற கணக்கு அது. பாதி லோடுல பிரான்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90. 300 வாட் வேலை நடக்குதுன்னா ரெண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 20 வாட். தினம் நாலு மணி நேரம்னு வெச்சா மாசத்துக்கு ரெண்டரை யூனிட்கூட வராது. கரண்ட் பில்லுக்காகக் கோல்டு வாங்குறேன்னு யாராவது சொன்னா சும்மா சிரிச்சு வைங்க. ஆனா அந்த 20 வாட் சூடு குட்டி கேபினட்ல, மே மாசத்துச் சென்னையில, ஏசி இல்லாத ரூம்ல பெரிய விஷயம். நான் கோல்டு எடுத்தது அதுக்காகத்தான். இன்னொண்ணு, இந்த முத்திரை சிக்கனத்தை மட்டும்தான் சொல்லும். ஷார்ட் ஆனா எஸ்எம்பிஎஸ் தன்னை நிறுத்திக்குமா, வோல்ட்டேஜ் எகிறினா அணையுமான்னு அது சொல்லாது. அதுக்கு வாரண்டி எத்தனை வருஷம்னு பாருங்க, பிரிச்சு டெஸ்ட் பண்ணின ரிவ்யூ இருக்கான்னு தேடுங்க.

இப்படி எல்லாம் பார்த்து, 600 வாட், எஸ்எஃப்எக்ஸ், கோல்டு, ஏழு வருஷ வாரண்டி, பில்லோட வாங்கினேன். ரிச்சி ஸ்ட்ரீட்லேர்ந்து ராஜா மாதிரி வந்தேன்.

ராத்திரி பதினொண்ணு மணி

குட்டி கேபினட்ல கேபிள் இழுத்தவங்களுக்குத் தெரியும், அது ஒரு தவம். முதல் தடவை எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. குறிப்பா சேட்டா பவர் கேபிள். எஸ்எஸ்டிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் கரண்ட் கொடுக்கிறது. அது மதர்போர்டுக்குப் பின்னாடி புகுந்து, ரெண்டு இடத்துல டேக் கட்டி, மூலைக்குப் போகும்.

பழைய எஸ்எம்பிஎஸ் மாடுலர். அதாவது கேபிளைத் தனியாக் கழட்டலாம். புதுசும் மாடுலர். பழைய சேட்டா கேபிள் அப்படியே உள்ளே கிடக்கு. அதோட முனையில ஆறு பின். புது எஸ்எம்பிஎஸ்லயும் ஆறு பின் ஓட்டை. வெச்சுப் பார்த்தேன். க்ளிக்குனு உட்கார்ந்துச்சு. "ஆஹா, ஒரு வேலை மிச்சம்"னு நினைச்சேன்.

ஸ்விட்சைப் போட்டு பட்டனை அழுத்தினேன். ஒரு சின்ன "டிக்". எஸ்எம்பிஎஸ் உடனே அணைஞ்சுடுச்சு. ரெண்டு செகண்ட் கழிச்சு அந்த வாசனை வந்துச்சு. லேப்ல படிச்சவங்களுக்கு அந்த வாசனை தெரியும்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். கேபிளோட டிரைவ் பக்கத்து முனை உலகம் முழுக்க ஒரே மாதிரி. எந்தப் பின்ல 5 வோல்ட், எதுல 12 வோல்ட்னு வரையறை இருக்கு. ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படி ஒரு பொது வரையறை கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வரிசை போடும். ஒரே நிறுவனத்தோட ரெண்டு மாடலுக்குள்ளயே மாறலாம். பிளாஸ்டிக் அச்சு ஒண்ணா இருக்கும், உள்ளே ஓடுற வோல்ட்டேஜ் வேறயா இருக்கும். பழைய காலத்து மாதிரி சிவப்பு, மஞ்சள்னு ஒயர் இருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். இப்ப எல்லாமே கறுப்பு. என் கேஸ்ல 5 வோல்ட் போக வேண்டிய ஒயர்ல 12 வோல்ட் போயிடுச்சு.

கேபிளைப் பிடுங்கிட்டு ஆன் பண்ணினேன். கம்ப்யூட்டர் வந்துடுச்சு. விண்டோஸ் இருக்கிற எம்.2 டிரைவ் மதர்போர்டுலேர்ந்து கரண்ட் எடுக்கிறதால தப்பிச்சுது. ஆனா சேட்டாவுல இருந்த எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் ரெண்டுமே இல்லை.

அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லணும். 2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, சிவகங்கை பக்கம் எங்க கிராமத்துல, அப்பத்தாகிட்ட ரெண்டு நாள் உட்கார்ந்து பேச்சைப் பதிவு பண்ணினேன். கண்மாய்த் தண்ணியை ஊர்ல எப்படிப் பங்கு போட்டாங்கன்னு ஒரு எபிசோடுக்காக. முதல் நாள் பேச்சு ஹார்டு டிஸ்க்ல. ரெண்டாவது நாளை எடிட் பண்ண எஸ்எஸ்டிக்கு மாத்தி வெச்சிருந்தேன். மாத்தி வெச்சேன், காப்பி எடுக்கலை. அப்பத்தா போய் இப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. எபிசோடை "அப்புறம் பண்ணிக்கலாம்"னு தள்ளிக்கிட்டே வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணணும்னு தோணுச்சு. பண்ணலை. என்ன சொல்றது?

கிடைச்சதும் கிடைக்காததும்

நிறைய ஹார்டு டிஸ்க்ல, அடியில இருக்கிற சர்க்யூட் போர்டுல, கரண்ட் நுழையுற இடத்துலயே டிவிஎஸ் டயோடுனு ஒண்ணு இருக்கும். வண்டி கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வோல்ட்டேஜ் அளவுக்கு மேல வந்தா அது தான் செத்து, ஷார்ட் ஆகி, மத்ததைக் காப்பாத்தும். வாசல்ல படுத்திருக்கிற நாய் மாதிரி.

எங்க தெருவுக்குப் பின்னாடி மொபைல் சர்வீஸ் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏரும் வெச்சிருக்காரு. கொண்டு போனேன். மீட்டர் வெச்சுப் பார்த்தாரு. 5 வோல்ட் பக்கத்து டயோடு முழு ஷார்ட். அதை மட்டும் எடுத்துட்டு, "தம்பி, இனிமே இதுக்குக் காவல் இல்லை. ஒரே ஒரு தடவை போட்டு எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டு ஓரமா வெச்சிடுங்க"ன்னாரு. டிஸ்க் சுத்துச்சு. ஃபோல்டர் வந்துச்சு. முதல் நாள் பேச்சு முழுசா, ஒரு மணி நாற்பது நிமிஷம், கிடைச்சுது.

எஸ்எஸ்டி வரலை. அதுல கன்ட்ரோலர் சிப்பே போயிருக்குன்னு சொன்னாரு. டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்டயும் காட்டினேன். அவங்களும் கையை விரிச்சுட்டாங்க. ரெண்டாவது நாள் பேச்சு போயிடுச்சு.

அதனால கெஞ்சிக் கேட்கிறேன். எஸ்எம்பிஎஸ் மாத்தும்போது, பழைய கேபிள் ஒண்ணு விடாம வெளியே வரணும். புது டப்பாவுல வந்த கேபிள் மட்டும்தான் உள்ளே போகணும். ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பழைய கேபிள் எல்லாத்தையும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடவே கட்டிப் போட்டுடுங்க, டிராயர்ல தனியா வெக்காதீங்க. எட்டுப் பின் கனெக்டர்லயும் கவனம். ப்ராசஸருக்குப் போறதும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போறதும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒண்ணுல 12 வோல்ட் இருக்கிற பக்கம் இன்னொண்ணுல கிரவுண்டு. லேசா உள்ளே போகலைன்னா அழுத்தாதீங்க. போக மாட்டேங்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கினவங்களுக்கு

ஒரு லிசனர் கேட்டிருந்தாங்க: "ஆபீஸ்ல பயன்படுத்தின குட்டி டெஸ்க்டாப் ஒண்ணை செகண்ட் ஹேண்டா வாங்கினேன். பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டு கிராபிக்ஸ் கார்டு சேர்க்கலாமா?"

இங்கயும் அதே கதைதான். டெல், ஹெச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்கள் பலதுல மதர்போர்டுல 24 பின் இருக்காது. எட்டோ, ஆறோ, பதினாலோ, பத்தோ இருக்கும். 1990-களோட கடைசியில டெல் கம்ப்யூட்டர்கள்ல வழக்கமான கனெக்டரையே வெச்சு, உள்ளே ஒயர் வரிசையை மட்டும் மாத்தியிருந்தாங்க. தெரியாம சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்டினவங்க போர்டையே இழந்தாங்க. இப்ப வர்றதுல கனெக்டரே வேறயா இருக்கிறது ஒரு வகையில நல்லது, தப்பா மாட்ட முடியாது. அந்த மாடலுக்குன்னே மாத்திக் கொடுக்கிற அடாப்டர் கேபிள் விக்கிறாங்க. வாங்கினா உங்க மாடல் நம்பர் பெயர் சொல்லி எழுதியிருக்கான்னு பாருங்க. இன்னும் எளிய வழி, பழைய எஸ்எம்பிஎஸ் மேல இருக்கிற பார்ட் நம்பரைத் தேடி அதையே வாங்குறது. கிராபிக்ஸ் கார்டு வேணும்னா ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி, ஸ்லாட் கொடுக்கிற 75 வாட்டுக்குள்ள ஓடுற, தனி ஒயர் கேட்காத மாடலாப் பாருங்க. கேபினட் உயரத்துக்கு லோ ப்ரொஃபைல் தேவைப்படலாம், அதையும் அளந்துக்கோங்க.

கையளவு இருக்கிற டைனி, மைக்ரோ மாடலுக்கு லேப்டாப் மாதிரி வெளி அடாப்டர் வரும். அதுல வோல்ட்டேஜ் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், வாட் அதே அல்லது அதிகமா இருக்கலாம். 19.5 வோல்ட்டும் 20 வோல்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானேன்னு நினைச்சு மாத்திக்காதீங்க. முனை நுழையுதேங்கிற காரணத்துக்காக எந்த அடாப்டரையும் சொருகாதீங்க.

கடைசியா ஒண்ணு. மாட்டி முடிச்சதும் முதல் தடவை ஆன் பண்ணும்போது டேட்டா இருக்கிற டிரைவ் எதையும் இணைக்காதீங்க. எல்லாம் நல்லா ஓடுதுன்னு ஆன பிறகு, அணைச்சுட்டு, ஒவ்வொண்ணா இணைங்க. இதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷத்தை நான் கொடுக்கலை. அதுக்கும் முன்னாடி, எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கும்போதே, முக்கியமான ஃபோல்டரை இன்னொரு இடத்துல காப்பி எடுத்து வைங்க. இந்த எபிசோடைக் கேட்டு முடிச்ச கையோட எடுத்தீங்கன்னா சந்தோஷம்.

அப்பாகிட்ட போன வாரம் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "கிடைச்சதை எனக்கு அனுப்பு, நானும் ஒண்ணு வெச்சுக்கிறேன்"னாரு. அனுப்பிட்டேன். சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அனுப்பியிருக்கேன். இப்ப நாலு இடத்துல இருக்கு.

கண்மாய் எபிசோடு அடுத்த வாரம் வருது. பாதிதான் இருக்கு, ஆனா வரும். அதுலேர்ந்து கொஞ்சம் இப்ப கேளுங்க. சந்திப்போம்.

(ஒலித்துண்டு: அப்பத்தா)

"தண்ணி கொறஞ்ச வருசத்துல மொற வச்சுத்தான் பாச்சுவோம். நீர்பாய்ச்சி வந்து மடையத் தொறப்பாரு. ஒனக்கு இன்னைக்கு ராத்திரின்னா ஒனக்குத்தான், நீ தூங்கிட்டா அவரு என்ன செய்வாரு? விடிஞ்சா அடுத்தவன் மொறையா... இது ஓடுதாய்யா? நான் பேசுறது இதுக்குள்ள போகுதா?"